ஆலைக்கும் வாரியத்துக்கும் நடக்கிற வழக்கில் ஊர்க்காரர் நுழைய முடியுமா?

கேள்வி: ஈரோடு பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் எனக்கு மூன்றரை ஏக்கர் இருக்கிறது. மஞ்சளும் வாழையும் போடுகிறேன். என் கிணற்றுக்கு மேற்கே ஒரு சாயப்பட்டறை. ராத்திரி நேரத்தில் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்று ஊரே சேர்ந்து நாலைந்து வருஷமாக மனுக் கொடுத்துவந்தோம். ஒருவழியாக, மாசு கட்டுப்பாட்டு வாரியம் பட்டறையின் இசைவாணையை, அதாவது பட்டறை நடத்த வாரியம் தரும் அனுமதியை, புதுப்பிக்க மறுத்துவிட்டது. இப்போது பட்டறைக்காரர் சென்னையில் அப்பீல் போயிருக்கிறாராம். விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டால், "அது அவருக்கும் வாரியத்துக்கும் உள்ள வழக்கு, உங்களுக்கு அங்கே வேலையில்லை" என்கிறார். நாங்கள் அதில் சேரவே முடியாதா? இன்னொன்று: எங்கள் பகுதியிலேயே வேறு சாயப்பட்டறை வைத்திருப்பவர், "வக்கீல் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னையும் ஒரு மனுதாரராகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?
- ஒரு விவசாயி, ஈரோடு மாவட்டம்

பதில்:

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம், பணமும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு அப்படி ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. சேர முடியும். ஆனால் "எனக்கு உரிமை இருக்கிறது, உள்ளே விடு" என்று கேட்கிற மாதிரி இல்லை. "என்னைக் கேட்காமல் முடிவெடுத்தால் அந்த முடிவு அரைகுறையாக இருக்கும்" என்று காட்டிச் சேர வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் மனு எழுதுவதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்த உத்தரவை எதிர்த்து அப்பீல் போயிருக்கிறார் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இதைப் பார்க்காமல் மனு எழுத உட்காருகிறவர்கள் நிறையப் பேர். இசைவாணை மறுப்பு என்றால் அது 1974-ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25, 26, 27 பிரிவுகளுக்குள் வரும். அதை எதிர்த்து 28-வது பிரிவின்படி, மாநில அரசு அமைத்திருக்கிற மேல்முறையீட்டு அதிகார அமைப்பிடம் 30 நாளுக்குள் போக வேண்டும். ஆனால் வாரியம் மறுப்போடு நிற்காமல் "பட்டறையை மூடு, மின் இணைப்பைத் துண்டி" என்று 33ஏ பிரிவில் தனி உத்தரவும் போட்டிருக்கலாம். பல நேரம் இரண்டும் அடுத்தடுத்து வரும். அந்த மூடல் உத்தரவுக்கான அப்பீல் வேறு இடத்துக்கு, நேராகச் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகும். காற்று மாசுச் சட்டத்தில் கதை இன்னும் வேறு: 1981-ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தில் 31ஏ பிரிவில் போடும் மூடல் உத்தரவுக்கும் 31-வது பிரிவின்படி மேல்முறையீட்டு அதிகார அமைப்பிடம்தான் முதலில் போக வேண்டும்.

எந்தக் கதவு என்பது சின்ன விஷயம் இல்லை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கு தெரியும்தானே? 2013 மார்ச் 29 அன்று வாரியம் காற்று மாசுச் சட்டத்தின் கீழ் ஆலையை மூட உத்தரவு போட்டது. ஆலை நேரே பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய்த் தனக்குச் சாதகமாக உத்தரவும் வாங்கியது. 2018-இல் மறுபடி அதே கதை. அந்த வருஷம் ஏப்ரல் 9 அன்று இசைவாணை புதுப்பிக்க மறுப்பு, மே 22 அன்று துப்பாக்கிச் சூடு, மே 28 அன்று ஆலையை மூட அரசாணை, டிசம்பர் 15 அன்று தீர்ப்பாயம் ஆலைக்குச் சாதகமாகத் தீர்ப்பு. கடைசியில் 2019 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், இந்த அப்பீல்களைக் கேட்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டது. மேல்முறையீட்டு அதிகார அமைப்பு தன் முன்னால் இருந்த அப்பீலை முடிப்பதற்கு முன்பே ஆலை ஒரு படியைத் தாண்டிக் குதித்ததையும் அது ஏற்கவில்லை. 2013-இல் கிடைத்த சாதகமான உத்தரவு ஆறு வருஷம் கழித்து ஒன்றுமில்லாமல் போயிற்று. தவறான கதவைத் தட்டியது அவ்வளவு பெரிய நிறுவனம், அவ்வளவு பெரிய வக்கீல்கள். நீங்களும் நானும் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டாமா?

சரி, உங்கள் விஷயம் 28-வது பிரிவு அப்பீல் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். உங்களுக்கு எதிரானதும் சாதகமானதும் இரண்டும் அதிலேயே இருக்கின்றன. நாலாவது உட்பிரிவு, மேல்முறையீடு செய்தவருக்கும் வாரியத்துக்கும் கருத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுத்து அப்பீலை விரைவாக முடிக்க வேண்டும் என்கிறது. அந்த இரண்டு பேர்தான். ஊர்க்காரர், பாதிக்கப்பட்டவர், புகார் கொடுத்தவர் என்று யாரையும் அது சொல்லவில்லை. உங்களிடம் "வேலையில்லை" என்று சொன்னவர் இதை வைத்துத்தான் சொல்லியிருப்பார். பட்டறையின் வக்கீலும் இதைத்தான் முதலில் எடுப்பார்.

இப்போது முதல் உட்பிரிவுக்கு வாருங்கள். யார் அப்பீல் செய்யலாம் என்று சொல்லும் இடத்தில் "இசைவாணைக்கு விண்ணப்பித்தவர்" என்று சட்டம் எழுதவில்லை. வாரியத்தின் உத்தரவால் பாதிக்கப்பட்ட எவரும் என்று எழுதியிருக்கிறது. அதாவது வாரியம் அன்றைக்கு மறுக்காமல் இசைவாணை கொடுத்திருந்தால், அதே பிரிவின் கீழ் நீங்களே அப்பீல்காரராக அங்கே போய் நின்றிருக்கலாம். அப்பீல்காரராக வர முடிகிற ஒருவரை, அதே விஷயத்தில் எதிர்த்தரப்பில் நிற்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? உங்கள் மனுவின் முதுகெலும்பு இதுதான்.

இதற்குத் துணையாக இன்னொரு வாதம். பட்டறையின் அப்பீல் ஜெயித்தால் அந்த உத்தரவை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2010-ஆம் வருஷத்துத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-வது பிரிவு அந்த வழியைத் திறந்துவைத்திருக்கிறது. யார் போகலாம் என்று சொல்லும் 18-வது பிரிவு, பாதிக்கப்பட்ட எவரும், அவர்களுடைய அமைப்புகளும் என்கிறது. இந்த "பாதிக்கப்பட்டவர்" என்ற சொல்லைத் தீர்ப்பாயம் ஆரம்பத்திலிருந்தே தாராளமாகத்தான் பார்த்துவருகிறது. மேல்மாடியில் நாளைக்கு உங்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், கீழ்த்தளத்தில் இன்றைக்கே கேட்டுவிட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். வழக்கும் ஒரே ஆவணத்தொகுப்போடு மேலே போகும். நான் பார்த்தவரை, தத்துவத்தை விட இந்த நேரம் மிச்சம் என்ற வாதம் நன்றாகவே எடுபடுகிறது.

எதிர்வாதத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் பிறர் வழக்கில் தலையிடக் கூடாது, புகார் கொடுத்தவர் அதிகபட்சம் சாட்சிதானே தவிரத் தரப்பினர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் அயூப்கான் நூர்கான் பத்தான் வழக்கில் சொன்னதை எடுத்துப் போடுவார்கள். அது சாதிச் சான்றிதழ் சம்பந்தப்பட்ட வழக்கு. உங்கள் பதில் சுலபம். "நான் புகார் கொடுத்ததால் வரவில்லை. என் கிணறு இருப்பதால் வருகிறேன்." மனுவில் "நாங்கள் பல ஆண்டுகளாகப் புகார் கொடுத்துவருகிறோம்" என்ற வரி முதலில் வரக் கூடாது. கிணறுதான் முதலில் வர வேண்டும்.

மனு இரண்டு விதம். ஒன்று, உங்களை எதிர்மனுதாரராகவே சேர்க்கச் சொல்வது. கோர்ட் பாஷையில் இம்ப்ளீட் பெட்டிஷன். இன்னொன்று, தரப்பினராக இல்லாமல், உங்கள் வாதத்தையும் ஆவணங்களையும் மட்டும் கேட்கச் சொல்லும் இடையீட்டு மனு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் முதல் கட்டளை, 10-வது விதியில் இரண்டு வகைத் தரப்பினர் பற்றிப் பேசுவார்கள்: இவர் இல்லாமல் உத்தரவே போட முடியாது என்கிறவர் ஒருவர், இவர் இருந்தால்தான் பிரச்சினை முழுசாகத் தீரும் என்கிறவர் இன்னொருவர். உதித் நாராயண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. நீங்கள் முதல் வகை இல்லை. அப்படி வாதாடப் போகாதீர்கள், தோற்பீர்கள். நீங்கள் இரண்டாம் வகை. பிரதானமாகத் தரப்பினராகச் சேர்க்கக் கேளுங்கள், "அது இயலாதெனில் இடையீட்டாளராகவாவது அனுமதிக்க வேண்டும்" என்று மாற்றுக் கோரிக்கையாக அதே மனுவில் இதையும் வையுங்கள். முழுசாகக் கேட்டால் மறுக்கப்படலாம். பாதி கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று அப்புறம் வருத்தப்பட வேண்டாம். ஸ்டெர்லைட் விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது வைகோ, பாத்திமா பாபு உள்ளிட்டவர்கள் இப்படி உள்ளே வந்துதான் ஆலைக்கு எதிராக வாதாடினார்கள். 2020 ஆகஸ்ட் 18 அன்று ஆலையின் மனுக்கள் தள்ளுபடியாயின. உச்ச நீதிமன்றத்திலும் 2024 பிப்ரவரி 29 அன்று ஆலை தோற்றது. அது ரிட் மனு, உங்களுடையது அப்பீல், நடைமுறை வேறு. ஆனால் வெளியாள் உள்ளே வந்து என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

தரப்பினராகச் சேர்ந்துவிட்டால் எல்லா ஆவணமும் உங்களுக்கும் வரும், எதிருரை போடலாம், அப்புறம் தோற்றால் அப்பீல் போவதும் இயல்பாகிவிடும். இடையீட்டாளருக்கு இவ்வளவு கிடையாது. ஆனால் முக்கியமானது, நீங்கள் கொடுத்த காகிதம் கோப்பில் ஏறிவிடும். கோப்பில் ஏறிய காகிதத்தைப் பார்க்காமல் போடும் உத்தரவை மேலே போய் உடைப்பது சுலபம்.

எந்தக் காகிதம்? இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தோல் ஆலை விவகாரத்தில் ஊர்க்காரர்களுக்காக நான் ஆஜரானேன். விசாரணைக்கு வந்திருந்த ஒரு அம்மா, மஞ்சப்பையிலிருந்து ஒரு லிட்டர் பெப்சி பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே டீத்தண்ணீர் நிறத்தில் கிணற்று நீர். அறையே அமைதியாகிவிட்டது. உட்கார்ந்திருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "எப்பம்மா எடுத்தீங்க?" அம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். போன மாசமா, மழைக்கு முன்னாலயா, எந்தக் கிணறு, யார் கூட இருந்தார்கள் - ஒன்றும் எங்களிடம் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்கக்கூட இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. தேவைப்படவில்லை. அந்தத் தவறு அந்த அம்மாவுடையது அல்ல. வழக்குக்கு முன்னால் அந்தப் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத என்னுடையது.

அதனால் இப்போதெல்லாம் நான் கட்சிக்காரர்களிடம் முதலில் பாட்டிலைப் பற்றித்தான் கேட்கிறேன். நீர் எடுக்கும்போது தேதி, நேரம், கிணற்றின் சர்வே எண், பட்டறையின் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பாட்டில்மேல் ஒட்டிய சீட்டில் இருக்க வேண்டும். சீட்டோடு சேர்த்துப் போட்டோ. எடுக்கும்போது கூட நின்ற இரண்டு பேரின் கையெழுத்து. அன்றைக்கோ மறுநாளோ ஆய்வகத்தில் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலேயே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். பட்டறைக்கு மேற்கே, அதாவது கழிவு வராத பக்கம், ஒரு கிணற்றிலும் அதே நாளில் நீர் எடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் வழக்கை ஜெயிக்க வைப்பது பல நேரம் இந்த இரண்டாவது பாட்டில்தான். உங்கள் கிணற்றில் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு இவ்வளவு என்றால் "இந்த மண்ணே அப்படித்தான்" என்பார்கள். பக்கத்துக் கிணற்றின் கணக்கு அதற்குப் பதில் சொல்லிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் விரும்பத்தக்க அளவு 500 மில்லிகிராம், மாற்று வழி இல்லாதபோது 2,000 வரை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் எடுத்த மாதிரியை வைத்துப் பட்டறைமேல் குற்ற வழக்குப் போட முடியாது. அதற்கு வாரியத்து அலுவலர் 21-வது பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுத்தது வேண்டும். ஆனால் அப்பீலில் உங்கள் அறிக்கைக்கு வேறு வேலை இருக்கிறது. வாரியம் எடுத்த முடிவு வெறும் காகித முடிவு இல்லை, தரையிலும் அப்படித்தான் இருக்கிறது என்று காட்டுவது.

நீர் தவிர, உங்கள் பட்டா, சிட்டா, மூன்று நாலு வருஷத்து அடங்கல். அடங்கலில் மஞ்சள் என்று இருந்த இடத்தில் தரிசு என்று மாறியிருந்தால் அந்த ஒரு சொல் பத்துப் பக்க வாதத்துக்குச் சமம். தோட்டக்கலை அலுவலர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தால் அவருடைய குறிப்பு. நீங்கள் கொடுத்த மனுக்களின் நகலும், ஒப்புகைச் சீட்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டிருந்தால் அதுவும். போட்டதில்லை என்றால் இதற்காக அவசர அவசரமாக ஒன்று போட வேண்டியதில்லை, தேதியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். தமிழில் இருக்கும் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுங்கள். இது எரிச்சலான வேலைதான், ஆனால் மொழிபெயர்ப்பு இல்லாத அடங்கலை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பட்டறையின் இசைவாணையில் என்ன நிபந்தனை போட்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நீர்ச் சட்டத்தின் 25-வது பிரிவு, ஆறாவது உட்பிரிவு, இசைவாணை நிபந்தனைகளுக்கு வாரியம் ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது. கழிவு வெளியேறும் இடத்தால் பாதிக்கப்படுகிறவர் அதைப் பார்வையிடலாம். இந்த உட்பிரிவு அதிகம் பேருக்குத் தெரியாது. உங்கள் பகுதி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், ஆனால் அதற்கு 30 நாள். அதற்குள் வாய்தா வந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள். மறுப்பு உத்தரவின் நகலையும் அப்பீல் எண்ணையும் சேர்த்தே கேளுங்கள்.

நிபந்தனை கையில் வந்ததும் முக்கியமான ஒன்றைச் செய்ய முடியும். மறுப்பு உத்தரவில் வாரியம் என்ன காரணம் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். "கழிவுநீர்ச் சுத்திகரிப்பு சரியாக இயங்கவில்லை" என்று மட்டும் இருந்தால், பட்டறை புது இயந்திரம் போட்டு போட்டோ எடுத்து "இப்போது சரியாகிவிட்டது" என்று சொல்லும்; மறு ஆய்வுக்கு வாரியமும் ஒத்துக்கொண்டால் அப்பீல் ஒரு பக்க உத்தரவில் முடிந்துபோகலாம். ஊர்க்காரர் உள்ளே இருக்க வேண்டியது இந்த இடத்துக்காகத்தான். வாரியம் சொல்லாமல் விட்ட விஷயம் ஏதாவது உண்டா? உதாரணத்துக்கு, தமிழ்நாட்டில் 1989 மார்ச் 30 தேதியிட்ட 213-வது அரசாணை குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும், 1998 மே 8 தேதியிட்ட 127-வது அரசாணை காவிரி உள்ளிட்ட ஆறுகளிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள் புதிதாக வருவதைக் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் பட்டறை அதற்குப் பிறகு வந்ததா, தூரம் எவ்வளவு, விரிவாக்கம் செய்திருக்கிறதா என்று ஒரு சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். இயந்திரத்தை மாற்றலாம், தூரத்தை மாற்ற முடியாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அப்பீலின் எல்லை, மறுப்பு உத்தரவு சரியா இல்லையா என்பதுதான். உங்கள் பயிர் நஷ்டத்துக்குப் பணம், பட்டறைக்காரர் ஊரில் மிரட்டியது, பாதையை அடைத்தது, இதெல்லாம் அங்கே வராது. கொண்டுபோனால் "வழக்கை விரிக்கப் பார்க்கிறார்" என்று சேர்க்கும் மனுவையே தள்ள ஒரு காரணம் கிடைத்துவிடும். நஷ்ட ஈடு வேண்டுமென்றால் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-வது பிரிவில் தனியாகப் போகலாம், அதற்கு ஐந்து வருஷ அவகாசம் இருக்கிறது.

இதே மாதிரி அப்பீல் ஒன்று எப்படிப் போகும் என்பதற்கு அன்றைய ஆந்திராவில் நடந்ததைச் சொல்கிறேன். ஹைதராபாத்துக்குக் குடிநீர் கொடுக்கும் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளுக்கு 10 கிலோமீட்டருக்குள் ஓர் எண்ணெய் ஆலை வர முயன்றது. வாரியம் இசைவு மறுத்தது. ஆலை மேல்முறையீடு செய்தது. ஆலை கொண்டுவந்த நிபுணரின் பிரமாணப் பத்திரத்தை நம்பி 1998 ஜனவரியில் மேல்முறையீட்டு அமைப்பு ஆலைக்கு அனுமதி கொடுத்தது. நாயுடு வழக்கு என்று நாங்கள் சொல்லும் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல், இப்படிப்பட்ட அமைப்புகளில் நீதித்துறை அனுபவத்தோடு விஞ்ஞானம் தெரிந்தவர்களும் இருக்க வேண்டும் என்றது. கூடவே, ஆபத்து இல்லை என்று நிரூபிக்கும் பாரம் தொழில் தொடங்க வருகிறவர் தலையில்தான் என்றும் சொன்னது. 2000 டிசம்பரில் ஆலையின் கோரிக்கை ஏற்கப்படாமலே முடிந்தது. நிரூபிக்கும் பாரம் பற்றிய அந்தப் பகுதியை உங்கள் மனுவில் ஒரு பத்தியாவது போடச் சொல்லுங்கள். விஷம் எங்கே போகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல.

எத்தனை பேர் சேருவது? ஊரே கையெழுத்துப் போட்டு நாற்பது பேர் மனுதாரர் ஆக வேண்டும் என்று நினைப்பீர்கள். வேண்டாம். மூன்று பேர் போதும். பட்டறைக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருக்கிற ஒருவர், வாய்க்கால் பாசனக்காரர் ஒருவர், குடிநீருக்கு அந்தக் கிணற்றை நம்பியிருக்கிற குடும்பத்தில் ஒருவர். மூன்று பேருக்கும் பிரமாணப் பத்திரம் தனித்தனியாக, அவரவர் கதையோடு இருக்கட்டும். ஒரே பத்திரத்தைப் பெயர் மாற்றி நாற்பது தடவை அடித்தால், 'கட்சி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்' என்ற எண்ணம்தான் வரும். உங்களுக்கு விவசாயிகள் சங்கம் ஒன்று பதிவோடு இருந்தால் அதையும் நாலாவதாகச் சேர்க்கலாம். திருப்பூர்ச் சாயக்கழிவு வழக்கில் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் சங்கம் ஒன்றே நின்று, உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்தது. சங்கம் என்றால் பெயர்ப்பலகை இல்லை, தொடர்ந்து வாய்தாவுக்கு வருகிற ஆள் என்று அர்த்தம்.

இப்போது அந்த இன்னொரு பட்டறைக்காரர். ஜஷ்பாய் மோதிபாய் தேசாய் வழக்கில் ஒரு சினிமா தியேட்டர்காரர், பக்கத்தில் வரப்போகும் இன்னொரு தியேட்டருக்குக் கொடுத்த தடையின்மைச் சான்றை எதிர்த்து வந்தார். உச்ச நீதிமன்றம் அவரை பாதிக்கப்பட்டவராக ஏற்கவில்லை. போட்டியாளருக்கு வியாபார நஷ்டம் வரலாம், சட்டப்படி அது பாதிப்பு இல்லை. உங்களோடு சேர்ந்து அவரும் மனுவில் நின்றால் பட்டறையின் வக்கீல் உங்களை விட்டுவிட்டு அவரைத்தான் பிடிப்பார். "இது தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, தொழில் போட்டி" என்று அரை மணி நேரம் பேசுவார். உங்கள் கிணறு அதில் காணாமல் போய்விடும். பணம் மட்டும் வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். குறுக்கு விசாரணை மாதிரி ஒரு கேள்வி வந்தால், "வக்கீல் ஃபீஸ் யார் கொடுத்தது?" என்றால், பொய் சொல்வீர்களா? அதோடு அவர் நாளைக்குத் தன் பட்டறைக்கு இசைவாணை கேட்கும்போது உங்களிடம் என்ன எதிர்பார்ப்பார் என்றும் யோசியுங்கள். கையில் காசு இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக் குழுவைப் பாருங்கள். வருமான வரம்புக்குள் இருந்தால், பெண்கள், பட்டியல் சாதியினர் என்றால் வரம்பு பார்க்காமலும், வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். மூன்று மனுதாரரில் ஒருவர் வீட்டு அம்மாவாக இருந்தால் நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனுப் போடும் நேரமும் முக்கியம். வாதம் முடிந்து உத்தரவுக்கு ஒத்திவைத்த பிறகு போய்க் கதவைத் தட்டினால் "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்" என்பார்கள், அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. அப்பீல் இருக்கிறது என்று உங்களுக்கு எப்போது, எப்படித் தெரியவந்தது என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். நகலைப் பட்டறையின் வக்கீலுக்கும் வாரியத்தின் வக்கீலுக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வாரியத்தை எதிரியாக நடத்த வேண்டாம். மறுப்பு உத்தரவு போட்டது அவர்கள், அதைக் காப்பாற்றத்தான் நீங்கள் வருகிறீர்கள். உங்கள் ஆய்வக அறிக்கை அவர்களுக்கும் கைகொடுக்கும். வாரியத்தின் வக்கீல் எழுந்து "இவர்களைச் சேர்ப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று ஒரு வரி சொன்னால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

சேர்க்க மறுத்தால்? மனம் விட வேண்டாம். மனுவோடு கொடுத்த ஆவணங்களை எழுத்துமூல முறையீடாகவாவது பதிவில் வைக்கக் கேளுங்கள். மறுத்த உத்தரவின் சான்று நகலை வாங்கிவையுங்கள். அப்பீலில் பட்டறை ஜெயித்தால் அந்த நாளிலிருந்து காலண்டரில் குறியுங்கள்: பசுமைத் தீர்ப்பாயத்துக்கு 30 நாள், போதுமான காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. தென்மண்டல அமர்வு சேப்பாக்கத்தில் கலஸ் மஹாலில் இருக்கிறது. நவாப் கட்டிய பழைய அரண்மனை, முதல்முறை போகிறவர்கள் வழக்கை மறந்துவிட்டு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நஷ்ட ஈடு கேட்காத அப்பீலுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். அங்கே போகும்போது, "கீழே எங்களைக் கேட்கச் சொன்னோம், கேட்கவில்லை" என்பது உங்கள் முதல் வாதமாகிவிடும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது, பொறியாளர் அலுவலகத்தில் மறுப்பு உத்தரவின் நகலும் அப்பீல் எண்ணும் கேட்டு ஒரு மனு. அப்படியே வரும் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு சுத்தமான பாட்டில். ஒன்று உங்கள் கிணற்றுக்கு, ஒன்று மேற்கே இருக்கிற கிணற்றுக்கு. சீட்டில் தேதி எழுத மறக்காதீர்கள்.